மில்லுக்குப் போய் வந்த மிளகாய்

வீட்டிலேயே அரைத்த மசாலா, வீட்டிலேயே உருக்கிய நெய், வீட்டிலேயே சுட்ட ரொட்டி. போனைக் கையில் எடுத்தால் இப்படி ஒரு காணொளியைத் தாண்டாமல் கீழே வைக்க முடிவதில்லை. ஜன்னல் வெளிச்சம், மர அகப்பை, மூக்கு நுனியில் மாவு ஒட்டிய ஒரு குழந்தை, பின்னணியில் புல்லாங்குழல். கீழே கமெண்டில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "இதுதாங்க வாழ்க்கை, நம்ம பாட்டியெல்லாம் இப்படித்தானே இருந்தாங்க" என்று உருகும். இன்னொரு கட்சி, "வேலைக்குப் போறவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது? கடைக்குப் போனா பாக்கெட்ல கிடைக்குது" என்று சலித்துக்கொள்ளும்.

இரண்டு கட்சியிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வது ருசி, ஆரோக்கியம், பாரம்பரியம். மற்றவர் சொல்வது நேரம், காசு, களைப்பு. இவற்றில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு பேருமே கேட்காத ஒரு கேள்வி நடுவில் கிடக்கிறது. கடையில் கிடைக்கிற ஒரு பொருளை வீட்டில் செய்வதில், அதுவும் ஒரு குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதில், அறம் சார்ந்து ஏதாவது இருக்கிறதா? "நல்லது" என்கிறோமே, அது உடம்புக்கு நல்லதா, குழந்தைக்கு நல்லதா, இல்லை நம்மைப் பற்றி நாமே கொஞ்சம் உயர்வாக நினைத்துக்கொள்ள நல்லதா?

முதலில் 'ஆரம்பத்திலிருந்து செய்வது' என்ற பேச்சையே கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். குழம்பு மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்வோம். மிளகாயும் மல்லியும் வாங்கி, காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து இரண்டு நாள் காயப்போட வேண்டும். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வீடு மாறும் கணக்கில் எடுத்து, தனித்தனியாக வறுக்கவோ காயவைக்கவோ வேண்டும். அப்புறம் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மில்லுக்கு. மிளகாய் அரைக்கிற மெஷின் முன்னால் வரிசை. தும்மல். சூடாக வந்து விழும் பொடியை வீட்டில் பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூடு ஆறாமல் மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும்.

இதைத்தான் "வீட்டில் செய்த பொடி" என்கிறோம். ஆனால் அரைத்தது மில்காரர். மிளகாயை விளைவித்தது வேறொருவர், பறித்தது பெரும்பாலும் கூலிக்குப் போன பெண்கள். மிளகாய்ச் செடியே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் கப்பலேறி வந்தது. அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். ஆக, ஆரம்பம் என்று எதைச் சொல்வது? பின்னால் போகப் போக அங்கே ஏற்கெனவே யாரோ ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். முழுக்க முழுக்கத் தானே செய்தது என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஸ்பூன் பொடிகூட எந்த வீட்டிலும் கிடையாது.

இது வீட்டுச் சமையலை மட்டம் தட்டுவதற்காகச் சொன்னதில்லை. அதன் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பாக்கெட்டைக் கத்தரித்துக் கொட்டுகிற குழந்தைக்கு மிளகாய்த்தூளின் முன்கதை தெரியாது. கடை அலமாரியில்தான் அது பிறந்தது. மில்லுக்குக் கூட வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்ற குழந்தைக்கு, ஒரு பொருளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது உடம்பில் தெரியும். அந்த ஆட்களுக்கு முகம் சிவந்திருக்கும், முழங்கை வரை பொடி அப்பியிருக்கும். இதை யாரும் பாடமாக எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த அறிவுக்கு ஒரு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் மேலே போக முடியாது.

2019-இல் இந்தியா முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இந்த 'ஈடுபடும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் இந்தக் கணக்கில் வருகிறார்கள். ஆண்களில் 26 பேர்தான். மீதி 74 பேரின் நிமிடம் பூஜ்யம். "நம்ம பாட்டி எல்லாத்தையும் வீட்லயே செஞ்சாங்க" என்று உருகும்போது, அந்த வாக்கியத்துக்குள் தாத்தா எங்கே உட்கார்ந்திருந்தார் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் எழுதிய புத்தகம் ஒன்று இந்த நம்பிக்கையைக் கலைத்துப் போட்டது. அதில் ரொட்டி பற்றி வரும் இடம் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது. பெரிய ஆலைகளில் அரைத்த வெள்ளை மாவு அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, தானியத்தை மில்லுக்குச் சுமப்பது, கையால் அரைப்பது போன்ற வேலைகள் வீட்டிலிருந்து மறைந்தன. அவை பெரும்பாலும் ஆண்களும் பையன்களும் செய்த வேலைகள். பெண்ணுக்கு வேலை குறையவில்லை. முன்பு கரடுமுரடான மாவில் சட்டென்று சுட்ட ரொட்டி போதுமாக இருந்தது. இப்போது நைஸான மாவு வந்ததால் ஈஸ்ட் போட்டு, பிசைந்து, பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும் கேக்கும் சாதாரண எதிர்பார்ப்பு ஆகிவிட்டன. வசதி வந்தது ஒருவருக்கு, அதோடு உயர்ந்த ருசியின் சுமை விழுந்தது இன்னொருவர் தலையில்.

நம்மிடமும் இதற்கு ஓர் உறவினர் உண்டு: வெட் கிரைண்டர். கோயம்புத்தூர் உலகத்துக்குக் கொடுத்தது, புவிசார் குறியீடும் வாங்கியது. ஆட்டுரலில் கை வலிக்க ஆட்டிய பெண்களுக்கு அது பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இட்லி தீபாவளிப் பலகாரமாக இருந்த காலத்தைப் பற்றிச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மெஷின் வந்தபிறகு தினமும் இட்லி ஆனது. தினமும் இட்லி என்றால் தினமும் ஊறவைப்பது, அரைப்பது, சட்னி, சாம்பார். பிறகு தெருமுனையில் பாக்கெட் மாவு வந்தது. அதை வாங்கிய பெண்ணிடம் "மாவுகூட வீட்ல ஆட்டறதில்லையா?" என்று கேட்கவும் ஆள் வந்தார்கள்.

ஆகவே, வீட்டில் செய்வதை ஓர் அறமாக முன்வைக்கும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்: யாருடைய முதுகில் ஏறி இந்த அறம் நிற்கிறது? பதில் "அம்மா" என்று மட்டும் வந்தால், குழந்தை அங்கே கற்றுக்கொள்வது ரொட்டி சுடுவதை அல்ல. நல்ல விஷயங்கள் எல்லாம் அம்மாவின் களைப்பிலிருந்து தானாக ஊறி வரும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பாக்கெட்டிலிருந்து வருவது என்று நினைப்பதைவிட இது மோசமான பாடம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செய்வது வேறு, செய்ததாக உணர்வது வேறு. அமெரிக்காவில் கேக் மிக்ஸ் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. பாக்கெட்டில் எல்லாம் இருந்ததால் பெண்களுக்கு அதில் சுடும்போது குற்றவுணர்வு வந்ததாம், விற்பனை படுத்ததாம், ஓர் உளவியல் ஆலோசகர் வந்து "முட்டையை மட்டும் அவர்களே உடைத்து ஊற்றட்டும்" என்று சொல்ல விற்பனை எகிறியதாம். விளம்பர வகுப்புகளில் விரும்பிச் சொல்லப்படும் கதை. அது அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் நிறுவனம் 1930-களிலேயே, பெண்கள் புது முட்டையைத் தாங்களே சேர்ப்பதைத்தான் விரும்புகிறார்கள் என்று தன் காப்புரிமை ஆவணத்தில் எழுதிவைத்துவிட்டது. புது முட்டையில் கேக்கும் நன்றாக வரும் என்பது வேறு விஷயம். எப்படியோ, ஒரு முட்டை அளவு உழைப்பு போதும், 'நான் செய்தேன்' என்ற நிறைவு கிடைத்துவிடும் என்பது வியாபாரிகளுக்கு 90 ஆண்டுகளாகத் தெரியும்.

குழந்தைகளுக்கு நாம் கொடுப்பதும் பல நேரம் இந்த ஒரு முட்டைதான். எல்லாவற்றையும் அளந்து கிண்ணத்தில் வைத்துவிட்டு, "நீ இதைக் கொட்டு கண்ணு" என்று கையைப் பிடித்துக் கொட்டவைத்து, போட்டோ எடுத்து, பிறகு குழந்தையை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு மீதியை நாமே செய்கிறோம். குழந்தைகள் முட்டாள்கள் இல்லை. தன் வேலை உண்மையிலேயே தேவைப்பட்டதா, இல்லை தன்னைச் சமாளிக்கக் கொடுத்த வேலையா என்று ஐந்து வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மரியா மாண்டிசோரி இதைத் தெளிவாகப் பார்த்தவர். 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் தொடங்கிய பள்ளியில் சின்னக் குழந்தைகள் மேசை போட்டார்கள், பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள். பொம்மைச் சாமான் வைத்து விளையாடுவது இல்லை. உடையக்கூடிய கண்ணாடியும் பீங்கானும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. உடையும் என்று தெரிந்தால்தானே கவனமாகப் பிடிக்கத் தோன்றும்? 1939-இல் சென்னைக்கு வந்து, போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாக அவர் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். இன்று நம் ஊரில் அவர் பெயரைப் போட்டுக்கொண்ட பள்ளிகளுக்குக் குறைவில்லை. அங்கே எத்தனை பிள்ளைகள் கண்ணாடி டம்ளர் கழுவுகிறார்கள் என்பது வேறு கதை.

பார்பரா ரோகோஃப் என்ற உளவியலாளர் குவாத்தமாலாவின் மாயா சமூகங்களில் கண்டதை எழுதியிருக்கிறார். அம்மா சோள மாவில் டார்ட்டியா தட்டும்போது, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கும் ஒரு சின்ன உருண்டை கொடுப்பார். குழந்தை அதை எப்படியோ அமுக்கித் தட்டும். அம்மா அதையும் கல்லில் போட்டுச் சுடுவார். சாப்பாட்டு நேரத்தில் அது மற்ற டார்ட்டியாக்களோடு சேர்ந்து சாப்பிடப்படும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். நம் வீடுகளிலும் சப்பாத்தி தேய்க்கும்போது குழந்தைக்கு ஓர் உருண்டை கொடுக்கிறோம், அது ஆஸ்திரேலியா வரைபடம் மாதிரி ஒன்றைத் தேய்க்கிறது. பல வீடுகளில் அந்த மாவு கடைசியில் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகிறது. சில வீடுகளில் அதைச் சுட்டுத் தாத்தா தட்டில் வைத்து, "இது பாப்பா போட்டது" என்கிறார்கள். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஒரே மாவைத்தான் பிசைந்தார்கள். ஒன்றுக்குக் கிடைத்தது பொழுதுபோக்கு, மற்றதற்குக் கிடைத்தது குடும்பத்தில் ஓர் இடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது அக்கா வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து ரொட்டி சுடுவேன். பெரியவளுக்கு எட்டு, சின்னவனுக்கு ஐந்து. அரைக் கிலோ மாவு, ஏழு கிராம் ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர். நம் ஊர் வெக்கைக்கு மாவு ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். ஒருமுறை ஈஸ்ட் நுரைத்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவள், "மாமா, இது உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். ஆமாம், சர்க்கரையைத் தின்று மூச்சு விடுகிறது, அந்த மூச்சில்தான் மாவு உப்புகிறது என்றேன். "அப்போ ஓவன்ல வெச்சா?" செத்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாவம் மாமா" என்றாள். அப்புறம் வெண்ணெய் தடவி மூன்று துண்டு சாப்பிட்டாள்.

எனக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. உயிர், பசி, கொல்லுதல், உண்ணுதல் எல்லாம் ஒரு கிண்ணத்துக்குள் வந்து அவள் முன்னால் நின்றன. அவள் எந்த முடிவுக்கும் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. சின்னவனுக்கு அந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. காத்திருப்பதுதான் அவன் பிரச்சினை. "இன்னுமா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பான். போனில் எதையும் தள்ளிவிடத் தெரிந்த பையனுக்கு, தள்ளிவிட முடியாத ஒரு மணி நேரம். மாவோடு சண்டை போட முடியாது, கெஞ்ச முடியாது. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கும் நம் பெண்களுக்கும் இது தெரியும். தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும், அதற்கு ஒரு நொடி முன்னாலும் வராது. உலகம் நம் விருப்பத்துக்குச் சம்பந்தமில்லாமல் தன் வேகத்தில் இயங்குகிறது என்பதைக் கோபம் வராமல் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் ரொட்டி சுட்டால், "பரவால்லையே, மாமா எல்லாம் செய்றாரு!" என்று பக்கத்து வீடு வரை பேச்சு போகும். அதே அடுப்பில் அக்கா வாரம் முழுக்கச் செய்வதைப் பற்றி ஒரு பேச்சும் வராது. ஆண் செய்தால் கலை, பெண் செய்தால் கடமை. பிள்ளைகள் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் குழந்தைகளோடு சேர்ந்து நியாயமாகச் செய்வது என்பது எப்படி இருக்கும்? வரலாற்றில் எனக்குக் கிடைத்த மிக நெருக்கமான உதாரணம் ஒரு பண்ணை. தென்னாப்பிரிக்காவில், ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், 1910-இல் தொடங்கப்பட்ட டால்ஸ்டாய் பண்ணை. கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காப்பாற்ற காந்தி அதை நடத்தினார். அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் நிறைய. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாததால், ஜி.யு. போப்பின் கையேட்டைத் தாண்டிப் படிக்காத காந்தியே அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பண்ணையின் சரக்கறையைப் பற்றி காந்தி எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைய காணொளிகள் ஞாபகத்துக்கு வரும். இரும்புக் கையரவையில் கோதுமையை அங்கேயே அரைத்தார்கள். தவிடு நீக்காத அந்த மாவில் புளிக்கவைக்காத ரொட்டி. கோதுமையை வறுத்துப் பொடித்து 'காபி'. நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்க்குப் பதிலாக. தோட்டத்து ஆரஞ்சுகள். ஆனால் காணொளியில் இல்லாத சில விதிகள் அங்கே இருந்தன. வேலைக்காரர்கள் கிடையாது. சமையலிலிருந்து கழிவு அகற்றுவது வரை எல்லாம் அங்கிருப்பவர்கள்தான். எல்லா மதத்தினருக்கும் ஒரே சமையலறை, ஒரே பந்தி. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது, செய்யும்போது கூடவே ஓர் ஆசிரியர் நின்று செய்ய வேண்டும்.

பிள்ளைகள் எல்லாம் அங்கே சொக்கத் தங்கமாக இருந்தார்கள் என்றும் காந்தி எழுதவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுத்தார்கள், சாக்குச் சொன்னார்கள், சில நேரம் தான் கண்டுகொள்ளாமல் விட்டதும் உண்டு என்கிறார். காலையில் உழைத்த களைப்பில் மதிய வகுப்பில் பிள்ளைகளும் ஆசிரியரும் தூங்கி வழிந்ததையும் மறைக்கவில்லை. காந்தியின் பரிசோதனைகளில் சுற்றியிருந்தவர்களின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வி நியாயமானது, அதை நான் ஒதுக்கவில்லை. ஆனாலும் கூட நின்று செய்வது என்ற அந்த ஒரு விதி, சமையலறை அறத்தின் மையத்தைத் தொடுகிறது. தான் குனியாத இடத்தில் குழந்தையைக் குனியச் சொல்லக்கூடாது.

தன் சோற்றுக்கான உடலுழைப்பை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் காந்திக்கு டால்ஸ்டாயிடமிருந்து வந்தது. டால்ஸ்டாய்க்கு அது பொந்தரேவ் என்ற ரஷ்ய விவசாயியிடமிருந்து வந்தது. அது ஒரு குடியானவனின் கோபத்தில் பிறந்த யோசனை: நான் உழுகிறேன், நீ தின்கிறாய், இது எப்படிச் சரி? அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டு மர அகப்பையையும் புல்லாங்குழலையும் மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது அலங்காரம்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தையும் பேசியாக வேண்டும். தமிழில் 'வீட்டில் செய்தது' என்ற சொல்லுக்குச் சுத்தம் என்று ஒரு பொருள் உண்டு. எந்தச் சுத்தம்? கலப்படம் இல்லாதது என்றால் சரி. ஆனால் கண்டவர் கை படாதது என்ற பொருள் அதன் அடியில் ஈரமாக இருந்துகொண்டே இருக்கிறது. பொடியும் ஊறுகாயும் இன்றும் சாதிப் பெயர் தாங்கி விற்பனைக்கு வருகின்றன. 1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலமும் உடலுழைப்பையும் தேசியக் கல்வியையும் சேர்க்க நினைத்த இடம்தான். பிராமண மாணவர்கள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது என்ற விஷயம் வெளியே வந்து, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய எதிர்ப்பில் தமிழ்நாடே கொதித்தது. பிள்ளைகள் பாடுபடுவதில் சமமாக இருந்தும், பந்தியில் பிரிந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்தும், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பள்ளியில் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றிய செய்திகள் நம் மாநிலத்திலிருந்தே வருகின்றன.

ஆகவே வீட்டில் செய்வது எந்தத் திசையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு. "வெளியே வாங்காதே, யார் கை பட்டதோ" என்ற திசையில் போனால், வீட்டு ரொட்டி ஒரு மதில் சுவர். "இதுக்கு இவ்வளவு வேலையா! அப்போ தினமும் இருநூறு ரொட்டி சுடற அண்ணனுக்குக் கை எப்படி வலிக்கும்?" என்ற திசையில் போனால், அதே ரொட்டி ஒரு கதவு. அளவும் பதமும் இரண்டிலும் ஒன்றுதான், வித்தியாசம் பக்கத்தில் நிற்கிற பெரியவரின் பேச்சில் இருக்கிறது.

ஒருவர் கேட்கலாம்: குழந்தைகளை வேலை செய்ய வைப்பது சரியா? தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிள்ளைகளின் விரல்களைப் பலி கொடுத்த மாநிலம் இது. உழைப்பின் மேன்மை என்ற பேச்சு இங்கே எத்தனை கொடுமையை மூடியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். கோடு எங்கே என்று கேட்டால், எனக்கு மூன்று அடையாளம் தெரிகிறது. குழந்தை "போதும்" என்று எழுந்து போக முடிய வேண்டும். அதே வேலையைப் பெரியவர்களும், ஆண்களும் சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்க வேண்டும். செய்த பொருள் அந்தக் குழந்தையின் தட்டுக்கும் வர வேண்டும். வீட்டுக்குள்ளேயே இந்தக் கோட்டைத் தாண்ட முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. பத்து வயதுப் பெண்ணை மாவு பிசையவைத்து, பன்னிரண்டு வயதுப் பையனைக் கிரிக்கெட்டுக்கு அனுப்பும் வீடு, எவ்வளவு மணமான ரொட்டி சுட்டாலும், பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது அடங்கிப் போவதைத்தான்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டும் என்ற கட்டளை வராது. அப்படியொரு கட்டளை இன்று யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியும். ஒரு பொருள் போதும். பொடியோ, ஊறுகாயோ, ரொட்டியோ, வடகமோ. அதை ஆண்டுக்கு ஓரிரு முறை முழுசாக, வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை, வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து செய்தால் போதும். பாத்திரம் கழுவுவதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காணொளி எப்போதும் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மற்ற நாட்களில் பாக்கெட் வாங்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. மில்காரரின் மெஷினைப் பயன்படுத்துவது குறை இல்லை என்றால், பாக்கெட்டும் அதே சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணிதான்.

ஆனால் ஒன்றை முழுசாகச் செய்த குழந்தை மற்றவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கும். "இது யார் செஞ்சது?" பாக்கெட்டின் பின்னால் கம்பெனி முகவரி இருக்கும், காலாவதித் தேதி இருக்கும், அந்தக் கேள்விக்கான பதில் இருக்காது. அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும். தெரியாவிட்டால் சேர்ந்து தேட வேண்டியிருக்கும். அதே கேள்வியை அது ஒரு நாள் சாப்பாட்டு மேசையிலும் கேட்கும். அன்றைக்கு "அம்மா மட்டும்" என்பதுதான் உண்மையான பதில் என்றால், அதைச் சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.